தொண்டைக்கு ஆகாது

நியூயார்க்கில் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே கர்ட்டிஸ் வெபருக்கு அந்த ஊர் வெறுத்துவிட்டது. குளிர் காரணமில்லை, நெப்ராஸ்காவில் டிராக்டர் பழுது பார்க்கிறவனுக்கு இந்த பிப்ரவரிக் குளிரெல்லாம் ஒரு குளிரா? கூட்டமும் காரணமில்லை. சாப்பாடுதான். தங்கிய விடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பர்கருக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு மாட்டையே பிடித்துக் கையில் கொடுப்பீர்களா என்று கேட்டான். பரிமாற வந்தவன் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மகள் கிரெட்சனும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவே கூடாதாம்.

எல்லாம் அவளுடைய பாட்டு டீச்சர் மிஸ் டொனெல்லியின் உத்தரவு. சனிக்கிழமை காலை இசைக் கல்லூரியில் நடுவர்கள் முன்னால் பாடிக் காட்டுகிறவரை குரலுக்கு ஓய்வு. காலையில் பாட்டில்லாமல் கொஞ்சம் முனகல் சாதகம், அதோடு வாயை மூடிவிட வேண்டும். அந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது லேசில்லை. எல்லா ஊரிலிருந்தும் பாடத் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் வந்து மோதுகிறார்கள். பாடி அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு, நேரில் வா என்று கிரெட்சனைக் கூப்பிட்டிருந்தார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

பேச்சோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பால் ஆகாது, சளி கட்டும். தக்காளி ஆகாது, நெஞ்சைக் கரிக்கும். காரம் ஆகாது, பொரித்தது ஆகாது, ஐஸ் ஆகாது. சத்தமான கடையும் ஆகாது, அங்கே கத்திப் பேச வேண்டிவரும். பேசவே பேசாத பெண் எதற்குக் கத்தப் போகிறாள் என்று கர்ட்டிஸ் கேட்டான். கிரெட்சன் போனில் தட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘ரூல்னா ரூல்’ என்று இருந்தது.

“இதையெல்லாம் தள்ளிட்டா மனுஷன் திங்கறதுக்கு என்னடி இருக்கு? வைக்கோலா?”

‘வேகவைத்த கோழி’ என்று தட்டினாள்.

மறுநாள் அலைச்சல் ஆரம்பித்தது. இத்தாலியன் கடைக்குப் போனால் தக்காளியும் சீஸும் இல்லாமல் ஒரு தட்டுகூடக் கிடையாது. மெக்சிகன் கடையில் வாசலிலேயே மிளகாய் நெடி. நூடுல்ஸ் கடை ஒன்றை போனில் ஆளாளுக்குப் புகழ்ந்திருந்தார்கள். தெருமுனையைத் தாண்டி நின்ற வரிசையில் கால் மரத்துப்போகிறவரை நின்று உள்ளே போனால், பாட்டுப் பெட்டி அலறுகிறது. கிரெட்சன் காதைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டாள். ஐந்து நட்சத்திரம் போட்டவன் எவனாவது அப்போது கையில் கிடைத்திருந்தால் கர்ட்டிஸ் ஒரு வழி பண்ணியிருப்பான்.

அந்த ஊரில் மலிவான கடையெல்லாம் சத்தம், சத்தமில்லாத கடையெல்லாம் கொள்ளை. வேறு வழியில்லாமல் நுழைந்த ஒரு அமைதியான இடத்தில், வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேடிப் பார்த்தால் நடுவில் கோழித்துண்டு இருந்தது. வாயில் வைப்பதற்குள் ஒருத்தன் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டான். போனவன் திரும்பி வந்து மறுபடியும் கேட்டான். பில்லோடு அவனுக்கு டிப்ஸும் தனியாக அழுதுவிட்டு, தெருவுக்கு வந்து ஒரு வண்டிக்காரனிடம் பிரெட்டும் சாசேஜும் வாங்கித் தின்ற பிறகுதான் கர்ட்டிஸுக்குக் கண் தெரிந்தது.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் கர்ட்டிஸ் வாய் திறக்கிற ஆள் இல்லை. மனைவி டென்வரில் ஒரு இன்ஷூரன்ஸ்காரனோடு போய்ச் சேர்ந்துகொண்ட பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். ராத்திரிச் சாப்பாட்டில் கிரெட்சன் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளப்பாள், இவன் தலையாட்டுவான். இப்போது அவள் வாய்க்குப் பூட்டு விழுந்ததும் எதிரில் இருந்த மௌனம் இவனைப் பிடுங்கித் தின்றது. அதனால் இவன் பேச ஆரம்பித்தான். விலைவாசியில் தொடங்கி, கடன் சொல்லும் பண்ணைக்காரர்கள், தான் சின்ன வயதில் பண்ணிய கிறுக்குத்தனங்கள், கடைசியில் அவள் அம்மா வரைக்கும் போய்விட்டான். எதிராளி பதில் சொல்ல மாட்டாள் என்கிற வசதி இருக்கிறதே, அது மனுஷனைக் கெடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயில் மாறி ஏறி, நகரத்தின் இன்னொரு மூலையான குவீன்ஸில் போய் இறங்கினார்கள். கர்ட்டிஸ் ரயிலை, ஊரை, மிஸ் டொனெல்லியை எல்லாம் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடந்தான். பாலத்தில் ஓடும் ரயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சந்து மாதிரி ஒடுங்கிய ஒரு திபெத்தியர் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். கையால் பிய்த்துப் போட்ட மாவு மிதக்கிற தெளிந்த சூப், இறைச்சி, கீரை. மிளகாய் விழுது தனிக் கிண்ணத்தில். கத்துகிறவர் யாரும் இல்லை. இரண்டு பேர் வயிறார உண்ட பிறகும் முதல் நாள் பர்கர் விலை வரவில்லை. கிரெட்சன் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். கர்ட்டிஸுக்கு உடம்பு முழுக்க இளகிவிட்டது. வாயும் இளகிவிட்டது.

“நீ இங்க வந்துட்டா என் கதி என்னன்னு யோசிச்சியா?” என்றான் சிரித்துக்கொண்டே. “சாயங்காலமானா சிங்க் பக்கத்துல நின்னுக்கிட்டே டின்னைத் திறந்து திங்க வேண்டியதுதான். மேஜை எதுக்கு, வித்துடலாம். உங்கம்மா போனப்பவே நான் முடிஞ்சிருப்பேன். நீ எதிர்ல உக்காந்து லொடலொடன்னு பேசினதுலதான் பொழுது ஓடுச்சு.”

கிரெட்சன் ஸ்பூனைக் கீழே வைத்தாள். போனை எடுத்து என்னமோ தட்டினாள், அழித்தாள். கர்ட்டிஸ் இன்னொரு கிண்ணம் சூப் சொன்னான்.

சனிக்கிழமை காலை கல்லூரியில் பெற்றோரைக் கீழ்க்கூடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை மேலே அனுப்பினார்கள். கர்ட்டிஸ் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கிரெட்சன் இறங்கி வந்துவிட்டாள். இவன் வாயைத் திறக்குமுன் அவளே, “பசிக்குதுப்பா” என்றாள். இத்தனை நாள் கழித்து அவள் பேசிக் கேட்டதே அவனுக்குப் போதும் என்றிருந்தது.

முனையில் இருந்த சாதாரணக் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தார்கள். கிரெட்சன் மில்க்‌ஷேக் சொன்னாள், பொரித்த சீஸ் சொன்னாள், தக்காளி சூப் சொன்னாள், முட்டைமேல் காரச் சாஸைக் கவிழ்த்தாள். தின்கிற வேகத்தைப் பார்த்து இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடுவர்கள் எந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள் என்று கேட்டான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். “நான் பாடலப்பா. பேரை அடிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நம்ம ஊர்ப் பக்கத்துக் காலேஜ்லயே சேந்துக்கறேன். வீட்லேருந்தே போய்ட்டு வரலாம்.”

விளையாடுகிறாள் என்று நினைத்தான். முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நீ சிங்க் பக்கத்துல நின்னு திங்க வேணாம்” என்றாள்.

கர்ட்டிஸுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் புரியவில்லை. இதற்காகவா நான் ஊரெல்லாம் அலைந்து நோயாளிச் சாப்பாடு சாப்பிட்டேன் என்று ஆரம்பித்து, அது சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னது, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்வாயா என்று பொரிந்து தள்ளினான்.

“சும்மா சொல்லலப்பா நீ. குறுக்க பேச முடியல பாரு, அதனால ஒழுங்காக் கேட்டேன்.”

கர்ட்டிஸ் காரச் சாஸ் புட்டியை எடுத்து மூடியைத் திருகி மூடினான்.

“சரி, நெசந்தான்,” என்றான். “நின்னுக்கிட்டேதான் திங்கப் போறேன். அழுவேனா இருக்கும். அதுக்காக நீ பாட்ட விட்டுட்டு எதிர்ல வந்து உக்காந்தா, அந்தச் சாப்பாடு தொண்டைக்குக் கீழ எறங்குமாடி எனக்கு? எழுந்திரு.”

மேல்மாடி வராந்தாவில் பெயர் பார்க்கிற பெண், அடித்த பெயர் அடித்ததுதான் என்றாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத கர்ட்டிஸ் அவளிடம் கெஞ்சினான். பிள்ளைமேல் தப்பில்லை, என் வாய்தான் கெடுத்தது என்று நடந்ததை அப்படியே சொன்னான். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஒரு பையன் வரவில்லை, எல்லாரும் முடிந்த பிறகு கடைசியில் பாடலாம் என்றாள்.

கிரெட்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ அப்பா, பால் குடிச்சிருக்கேன். சீஸ், தக்காளி, மொளகா எல்லாம் உள்ள போயிருக்கு.”

“தண்ணியக் குடி. போ.”

பெற்றோர் மேலே நிற்கக் கூடாது. நின்றான். பெயர் பார்க்கிற பெண் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டாள். கதவு மூடியது. பியானோ தொடங்கியது. முதல் அடியில் குரல் கரகரத்தது. கர்ட்டிஸ் மில்க்‌ஷேக் போட்டவனின் வம்சத்தையே சபித்தான். இரண்டாவது அடியில் குரல் தெளிந்துவிட்டது.

அவனுக்குச் சங்கீதம் தெரியாது. வீட்டில் அவள் பாடும்போதெல்லாம் பக்கத்துப் பட்டறையில் ஏதாவது ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். இடையில் சத்தம் எதுவும் இல்லாமல் அவளை அவன் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் நன்றாக ஓடுகிற இன்ஜினைக் காதால் கேட்டே சொல்லிவிடுகிறவன் அவன். இதையும் தெரிந்துகொண்டான். பெயர் பார்க்கிற பெண் காகிதங்களைக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள். பாடி முடித்துவிட்டு எப்போதோ கீழே போயிருக்க வேண்டிய பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் முகம் தொங்கிப்போனதைக் கர்ட்டிஸ் பார்த்தான். பெருமையாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கிரெட்சன் நெற்றியெல்லாம் வேர்த்து நின்றாள். “எப்படிப்பா இருந்துச்சு?”

“போச்சு போ,” என்றான் கர்ட்டிஸ். “இனி உன்ன வீட்ல வச்சுக்க முடியாது.”