ஆளோடு சேர்த்து விற்பனைக்கு

வெர்னிட்டா போய்லண்ட் குடியிருக்கும் வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்கள் என்று பிரென்ட் வந்து சொன்னபோது, அவள் கையில் பால் புட்டியும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் என்றால் நிஜமாகவே பஸ்தான். கலிபோர்னியாவிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் வாடகைக்கு விட வீடு வாங்க விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மெம்ஃபிஸ் ஊரைத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டுவார்கள். இந்த வீட்டில் வாடகை இவ்வளவு, அந்த வீட்டில் அவ்வளவு என்று ஒருவன் மைக்கில் சொல்லிக்கொண்டே வருவான். மத்தியானம் பார்பெக்யூ விருந்து. பொழுது சாய்வதற்குள் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் தான் குடியிருக்க ஒரு வீடு வாங்கலாமென்று வங்கிப் படியேறிக் கடன் கேட்டுத் திரும்புவதற்குள் அந்த வீடு கைமாறியிருக்கும். மெம்ஃபிஸின் வைட்ஹேவன் பகுதியில் வெர்னிட்டாவின் தெருவில் சொந்தக்காரர்களே குடியிருக்கும் வீடுகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

பிரென்ட் ஹாஸ்கல், வீடுகளை நிர்வாகம் செய்யும் கம்பெனியின் ஆள். சிரிப்பைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான், வேண்டும்போது எடுத்து மாட்டிக்கொள்வான்.

"இப்ப இருக்கிற ஓனர் விக்கறாரு மேடம். நீங்க பயப்படவே வேண்டாம். வீட்டை ஆளோட சேர்த்துத்தான் விக்கறோம். உள்ள நல்ல வாடகைக்காரங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் வாங்கறவங்களுக்கு தைரியம் வரும். வீட்டைப் பளிச்சுன்னு வச்சு, சிரிச்ச முகமா நில்லுங்க, போதும். புது ஓனர் ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டுத் தருவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"வாயால சொல்றியா, எழுதித் தர்றியா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"பாத்ரூம் ஃபேனை மாத்தறதுக்கும் நீதான் பொறுப்புன்ன. அது இன்னும் சுத்தல."

அவன் சிரிப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வெர்னிட்டாவுக்கு அவன் பேச்சில் நம்பிக்கை இல்லைதான். ஆனால் அந்த இரண்டு வருஷம் அவளுக்கு வேண்டும். பழைய அக்ரிமென்ட் முடிந்துபோய் மாசாமாசம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. அதற்கு அரசாங்கம் கொடுக்கும் லைசென்ஸ் அந்த முகவரிக்குக் கொடுத்தது. வீடு மாறினால் லைசென்ஸ் செத்தது. புது வீட்டைத் தேடி, அதற்கு அதிகாரிகள் வந்து பார்த்து, தீயணைப்பு ஆட்கள் வந்து பார்த்து, மறுபடி வாங்குவதற்குள் மாசக்கணக்காகிவிடும். அதுவரை குழந்தைகளும் காத்திருக்கப்போவதில்லை, அவர்களுடைய அம்மாக்களுக்கு வேலை கொடுத்த முதலாளிகளும் காத்திருக்கப்போவதில்லை.

ஆகவே அவள் கையிலிருந்த காசைச் செலவழித்துச் சமையலறைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாள். வாசலில் மஞ்சள் பூத்தொட்டி இரண்டு வைத்தாள். குழந்தைகள் கிறுக்கிய சுவரைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இற்றுப்போனது. எதிர்வீட்டு ஓடெல் தன் வாசலில் போட்டிருந்த கிழிந்த சோபாவில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடெல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வேன் ஓட்டுகிறவன். வாயை மட்டும் ஓய்வுபெற விட்டதில்லை.

"ஏ தாயே, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"வந்து ஒரு கை பிடிச்சாத்தான் என்ன?"

"பைத்தியமா எனக்கு? என் வாசலைப் பாரு. முழங்கால் உசரத்துக்குப் புல்லு, சோபா, ஓடாத காரு. எத்தனை பஸ் வந்துச்சு! ஒரு பய இங்க இறங்கல. என் வாடகை போன வருஷ வாடகைதான். நீ வீட்டை அழகு பண்ணல வெர்னிட்டா, விலையை அழகு பண்ற."

"உன்னை மாதிரி பன்றிக்கொட்டில்ல வச்சா எனக்கு லைசென்ஸ் தருவானா?" என்று சீறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் சொன்னது மனசில் முள்ளாகத் தைக்கத்தான் செய்தது. நல்ல வாடகைக்காரியை யாராவது துரத்துவார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படி நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை குழந்தைகளைச் சர்ச்சில் ஒரு தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, வெண்ணெய் தாராளமாகப் போட்டு ஒரு கேக் சுட்டு வைத்தாள். பஸ் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் காலணியைக்கூடத் துடைக்காமல் உள்ளே நுழைந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள். அவள் படுக்கையறையை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கழிவறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அது போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைதான். அவள் கேக் தட்டோடு நடுவில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள், கன்னம் வலித்தது.

"வட்டி இந்த ரேட்ல இருக்கு, இன்சூரன்ஸ் ஏறிடுச்சு, கணக்கு எப்படித் தேறும்னு கேட்டீங்கல்ல?" பிரென்ட் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டே வந்தவர்களிடம் பேசினான். "இதோ, இப்படித்தான் தேறும். சமையலறையைப் பாருங்க. இந்த மாதிரி வீட்டுக்கு இவங்க கொடுக்கற வாடகை ரொம்பக் கம்மி. அக்ரிமென்ட்டும் கிடையாது, மாசாமாசம்தான். ஏத்திக்கலாம். இல்லன்னா வேற ஆளை வச்சுக்கலாம்."

அவள் அடித்த பெயின்ட்! அவள் காசு, அவள் தோள்பட்டை! தட்டை அவன் முகத்தில் கவிழ்க்கலாம் போலிருந்தது. இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்தவர்களில் கேரின் லண்டி என்ற ஒருத்தி மட்டும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சான் ஹோசேயில் பல் டாக்டர் ஒருவரிடம் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையாம். கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டாள். "வீடு எவ்வளவு அருமையா இருக்கு! இந்தக் கேக் எப்படிச் செய்யறதுன்னு எனக்குக் கட்டாயம் அனுப்பணும்" என்று சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தாள். வீட்டை வாங்கியதும் அவள்தான்.

வாங்கி முடித்த கையோடு வெர்னிட்டாவின் போனுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த மாசத்திலிருந்து வாடகை 'சந்தை நிலவரப்படி'. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சம்மதமில்லையென்றால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இரண்டு வருஷம் என்ற பேச்சே அதில் இல்லை. கீழே ஒரு சிரிக்கும் பொம்மை, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

பிரென்ட்டுக்குப் போன் போட்டாள். இயந்திரம் பேசியது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் இயந்திரம்தான். அவள் அந்த வீட்டில் ஒரு மாசம் வாடகை தவறியதில்லை. குழாய் ஒழுகினால் தானே சரி செய்துகொண்டாள், அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. நல்லவளாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இது. அன்று சாயங்காலம் குழந்தைகள் போனதும் கேரினைக் கூப்பிட்டாள்.

"ஐயோ, நீங்களா! கேக் பத்திக் கேக்கணும்னு நானே நினைச்சுட்டிருந்தேன்" என்றாள் கேரின்.

"கேக் கிடக்கட்டும். எனக்கு அனுப்பின வாடகை நோட்டீஸைப் பார்த்தீங்களா?"

குரல் இறங்கியது. "அதெல்லாம் பிரென்ட்தான் பார்த்துக்கறாரு. ஏதோ சாஃப்ட்வேர் இருக்காம். அதுதான் ரேட்டைச் சொல்லுதாம். என் கையில ஒண்ணும் இல்லங்க."

"வீடு யாருது?"

"என்னோடதுதான்."

"அப்புறம் யார் கையில இருக்கு?"

கேரின் மடமடவென்று பேசினாள். "நீங்க என்னைப் புரிஞ்சுக்கணும். நான் பணக்காரி கிடையாது. எனக்கு இங்க சொந்த வீடே இல்ல. இந்த ஊர்ல எங்க வாங்க முடியும்? இத்தனை வருஷமா நானும் வாடகை வீட்லதான் இருக்கேன். இந்த வருஷம் என் வீட்டு ஓனர் ஏத்தின ஏத்துல மூச்சு முட்டிப்போச்சு. மெம்ஃபிஸ்ல ஒரு வீடு வாங்கிப் போட்டா, அதுல வர்ற வாடகை இங்க ஏறினதை ஈடு கட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. என் சேமிப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு."

வெர்னிட்டா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"உன் வீட்டு ஓனர் உன்னை அடிச்சான். அவனைத் திருப்பி அடிக்க உனக்குத் துப்பில்ல. அதுக்காக ரெண்டாயிரம் மைல் பறந்து வந்து என்னை அடிக்கற. என் கையால கேக்கையும் தின்னுட்டு!"

மறுபக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

"அழாதே. அதைக் கேட்டுட்டிருக்க எனக்கு நேரம் இல்ல. கொஞ்சம் ஏத்திக்கோ, கொடுக்கறேன். ரெண்டு வருஷ அக்ரிமென்ட் மட்டும் போட்டுக் கொடு. முடியுமா, முடியாதா?"

"பிரென்ட்டைக் கேட்டுட்டு..."

வெர்னிட்டா போனை வைத்துவிட்டாள். மறுநாள் கம்பெனியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வாடகைக்காரர்கள் உரிமையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாதாம்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தவள் கியானா. கிடங்கில் பெட்டி அடுக்குகிற பெண், இருபத்துமூன்று வயது. எட்டு மாசக் குழந்தை ஜமாரியை இறக்கிவிட்டுத் திரும்பப் போனவளை வெர்னிட்டா நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள்.

கியானா குழந்தையை மறுபடி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் எப்படி வேலைக்குப் போவேன் மிஸ் வெர்னிட்டா? லீவு போட்டா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. வேற எங்கயும் குழந்தைக்கு இடம் இல்லயே. நீங்களே இப்படிக் கைவிட்டா?"

என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றபோது வெர்னிட்டாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அங்கே ஒருவன் கேரினை மிதித்தான், கேரின் தன்னை மிதித்தாள், இப்போது தான் இந்தப் பெண்ணை மிதிக்க வேண்டும். அதுதான் இவர்கள் போட்டிருக்கும் வரிசை. அவள் மாட்டேன் என்று முடிவு செய்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும்னு போன் பண்ணிச் சொல்லு" என்றாள். பிறகு எதிர்வாசலைப் பார்த்துக் கத்தினாள். "ஓடெல்! சர்ச் வேன் சாவி உன்கிட்டதான இருக்கு?"

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமையா?"

"வாயை மூடிட்டு வண்டியை எடு."

ஓடெல் அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டல் பண்ண நினைத்ததை விழுங்கிக்கொண்டு சாவியைத் தேடப் போனான்.

மற்ற குழந்தைகளும் வந்து சேர்ந்ததும் ஆறு பேருக்கும் வேனில் ஸீட் கட்டி, பிரென்ட் கம்பெனியின் கண்ணாடிக் கட்டிட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வரவேற்பில் இருந்த பெண் வாயைத் திறப்பதற்குள் வெர்னிட்டா பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நீள மேஜையைச் சுற்றி அன்றைய பஸ்ஸுக்கான ஆட்கள் டோனட்டும் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரென்ட் திரைக்கு முன்னால் நின்று ஏதோ ஒரு தெருப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். குழந்தைகள் உள்ளே ஓடி மேஜைக்கடியில் புகுந்தன. ஒன்று டோனட்டை எடுத்தது, ஒன்று திரையில் கையை வைத்தது. ஜமாரி வீறிட்டு அழுதான்.

"மேடம், என்ன இது?" பிரென்ட்டின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பிள்ளைங்களைப் பார்த்துக்கற இடம். அடுத்த மாசத்துலேர்ந்து இங்கதான். முன்னாடியே வந்து இடம் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இங்கயெல்லாம் குழந்தைங்களை வச்சுக்கக் கூடாது. இது சட்டப்படி தப்பு. இந்த அட்ரஸுக்கு லைசென்ஸ் கிடையாது. நான் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடு. இந்த அட்ரஸுக்கு இல்லன்னு சொல்லு. அப்ப எந்த அட்ரஸுக்கு இருக்குன்னு அவங்க கேப்பாங்க. அங்கேருந்து என்னை எவன் துரத்தினான்னும் கேப்பாங்க. அதையும் சொல்லு. ரெண்டு வருஷத்துக்கு நான் பொறுப்புன்னு என் வாசல்ல நின்னு சொன்னியே, அதையும் இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லு!"

சிலர் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னிட்டா ஜமாரியை மேஜைமேல், வழவழவென்று அச்சடித்த விலைப்பட்டியல்களுக்கு நடுவில் கிடத்தி, நனைந்துபோன டயப்பரை அவிழ்த்தாள். கியானா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிரென்ட் போனை எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

அப்போது மேஜை ஓரத்திலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். நீலச் சட்டை, சாந்தமான முகம். கஷ்டப்பட்டவளிடம் பேசும் கனிவோடு பேசினார்.

"மன்னிக்கணும். ஆறு குழந்தைங்களை வச்சு லைசென்ஸ் வாங்கற அளவுக்கு அந்த வீட்ல இடம் இருக்கா? அந்தத் தெருவுல அதே மாதிரி வேற வீடு ஏதாவது விலைக்கு வருதா?"

வெர்னிட்டா அரையில் துணியில்லாமல் கதறிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி, அந்த நீலச் சட்டை மடியில் உட்கார வைத்தாள்.

"கொஞ்சம் பிடி" என்றாள். "கை கழுவிட்டு வந்து சொல்றேன்."