கொத்தாத தோட்டம்

டெல்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. போடிநாயக்கனூரில் சீனிச்சாமி அந்த வருஷம் முழுக்க முடி வெட்டிக்கொள்ளவில்லை. நாவிதர் வீடு நாலு தெரு தள்ளி இருந்ததுதான் காரணம். ஊரில் வேறு சோம்பேறிகளும் உண்டு. ஆனால் அவர்கள் வேலை செய்வதுபோல நடிக்கவாவது மெனக்கெடுவார்கள். சீனிச்சாமியிடம் அந்த நடிப்பும் கிடையாது. கேட்டால், "ஒடம்புக்கு ஆகாதுண்ணே" என்பான். எது ஆகாது என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அவன் மனைவி வேலுத்தாய் அதற்கு நேர்மாறு. கொட்டகுடி ஆற்று வாய்க்காலை ஒட்டி அவர்களுக்குத் துண்டு நிலம் இருந்தது. கத்தரி, மிளகாய், வேலியோரம் பூசணி என்று அவள்தான் அதைக் கட்டி மேய்த்தாள். ஆவணி பிறந்தால் ஏலக்காய் பறிக்கக் குரங்கணி வழியாக மலையேறுவாள். தீபாவளிக்குத்தான் இறங்குவாள். அதுவரை தோட்டம் சீனிச்சாமி பொறுப்பு.

"நாத்து நட்டாச்சு. வாய்க்கா பக்கத்துலயே ஓடுது. செடி வாடாமத் தண்ணி ஊத்து, களை முளைச்சாக் கொத்து. இம்புட்டுத்தான் சோலி. மம்பட்டிய வேம்புல சாத்தி வச்சிருக்கேன்" என்றாள், மூட்டையைத் தலையில் ஏற்றியபடி.

"சரி."

"சரின்னா? செய்வியாய்யா?"

"சரின்னு சொல்றதே ஒரு சோலிதான. அதச் செஞ்சுட்டேன்ல."

முந்தின வருஷம் அவள் திரும்பியபோது தோட்டத்தில் கோரையும் சாரணையுமாகக் களைதான் விளைந்திருந்தது. அந்தத் தீபாவளிக்கு முதல் வெடி அவன் முதுகில்தான் வெடித்தது. விளக்குமாற்றுக் கட்டைக்கு அத்தனை சத்தம் வரும் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்தும் இந்த வருஷமும் அவன் திருந்தவில்லை. களை முழங்கால் உயரம் வந்தது. கத்தரி நாற்றுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் நாகூர் கனி ராவுத்தர் அந்த வழியாக வந்தார். மலைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போய், ஏலக்காய் ஏற்றி இறங்கும் பொதிமாடுகள் அவருடையவை.

"மேல ஒன் பொண்டாட்டியப் பாத்தேன் சீனி. தோட்டம் எப்படியிருக்குன்னு கேட்டுச்சு. நாளைக்குத் திரும்ப மேல போறேன். என்னான்னு சொல்ல?"

சீனிச்சாமிக்கு முதுகு தானாக நெளிந்தது. "பச்சப் பசேல்னு இருக்குன்னு சொல்லுங்க ராவுத்தரே. பொய் ஒண்ணும் இல்லயே."

ராவுத்தர் களையைப் பார்த்தார், சிரித்தார். பிறகு தன் கவலையைச் சொன்னார். மழையில் அவருடைய வைக்கோல் படப்பு சரிந்து, உள்ளே தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்துவிட்டது. மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. அள்ளி எறிய இடமில்லை. "யாராச்சும் வாங்கிக்கிட்டாப் புண்ணியமாப் போகும்."

சீனிச்சாமி படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். களையை எடுக்க முடியாது. மறைக்க முடியுமே!

"ஒங்க ஆளுகளே வண்டியில கொண்டாந்து கொட்டுறதா இருந்தா, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்றான், பெரிய மனசு பண்ணி.

மறுநாள் மூன்று வண்டி அழுகல் வைக்கோல் தோட்டத்தில் வந்து இறங்கியது. சீனிச்சாமி களையின்மேல் நடந்து நடந்து அதைச் சாய்த்தான். அதன்மேல் வைக்கோலைச் சாண் கனத்துக்குப் பரப்பினான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தலை மட்டும் வெளியே தெரியும்படி விட்டான். மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஆயிற்று. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த மிகப் பெரிய வேலை, வேலை பார்க்காததை மறைக்கப் பார்த்த இந்த வேலைதான். களைத்துப்போய் அங்கேயே படுத்தான். வீட்டுப் பாயைவிட மெத்தென்று இருந்தது. அன்றிலிருந்து அவன் குடித்தனமே தோட்டத்தில்தான்.

படுத்த இடத்திலிருந்து கையை வைக்கோலுக்குள் விட்டு ஈரம் பார்ப்பான். ஈரம் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சந்தோஷமாகத் திரும்பிப் படுப்பான். சில நாளில் கையில் மண்புழு நெளிந்தது. அடிவைக்கோல் கறுத்து, பொடிந்து, மழை பெய்த காட்டு வாசம் அடித்தது. கோழிகள் கிளற வந்தால் ஒரு கை வைக்கோலை எறிந்து விரட்டுவான், படுத்தபடியே.

பக்கத்துத் தோட்டம் அய்யம்மாளுடையது. புருஷனை இழந்து தனியாகப் பாடுபடுகிறவள். விடிந்தால் மம்பட்டியும் கையுமாக நிற்பாள், களை தலைகாட்டிய நிமிஷமே கொத்திவிடுவாள். புரட்டாசி வெயிலில் அவள் மண் வெடித்து, குடம் குடமாக ஊற்றியும் செடிகள் உச்சிப்பொழுதில் தலை தொங்கின. வேலிக்கு அந்தப்புறம் சோம்பேறியின் கத்தரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. அய்யம்மாளுக்கு வயிறு எரிந்தது. நாலு காய் கேட்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். ருசியாகவும் இருந்து தொலைத்தது.

தீபாவளிக்கு முன்னால் வேலுத்தாய் மலையிறங்கினாள். விளக்குமாற்றை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் தோட்டத்துக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். கண்ணுக்கு எட்டியவரை ஒரு களை இல்லை. ஊதாக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பூசணி வேலியைத் தாண்டிப் போயிருந்தது.

அவள் முகம் மலரும் என்று சீனிச்சாமி காத்திருந்தான். அது இருண்டது.

"யாரு அவ?"

"எவ?"

"இதக் கொத்துனவ. ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ கொத்தியிருக்க மாட்ட. எவளோ கொத்தியிருக்கா. எவளும் சும்மா கொத்த மாட்டா."

"ஆத்தா சத்தியமா யாரும் கொத்தல. நானும் கொத்தல."

"அப்ப இது என்ன?" வைக்கோலுக்கு நடுவே ஆள் படுத்த பள்ளத்தைக் காட்டினாள். "இது ஒரு ஆளு படுத்த எடமா? ரெண்டு ஆளு அகலம் இருக்கு!"

"நான் பொரண்டு பொரண்டு படுப்பேன் புள்ள."

வேலுத்தாய் நேராக வேலியோரம் போனாள். காய்ப்பேறிய கை அந்தச் சுற்றுவட்டத்தில் அய்யம்மாளுக்குத்தான் உண்டு. கேட்ட கேள்விக்கு அய்யம்மாள் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது.

"இந்த ஆளையா? அடியே வேலு, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? தப்பே செய்யிறதா இருந்தாலும் எழுந்து நிக்கிற ஆம்பளையாப் பாத்துச் செய்ய மாட்டேனா?"

கள்ள உறவு என்று சொன்னதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். சீனிச்சாமியோடு என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேலுத்தாய் கோடாங்கி பால்சாமியைக் கூட்டிவந்தாள். பால்சாமி உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். கத்தரிக்காயை ஒரு பார்வையும், கூடிய கூட்டத்தை ஒரு பார்வையும் பார்த்தார். உடுக்கை அதிர்ந்தது. கண் மேலே போனது.

"மனுசி இல்லடா! ஆத்தங்கரைக் கன்னி! ராத்திரியில வந்து கொத்துறா! எனக்கு இங்க ஒரு கல்லு நடு, சேவல் அறு, பொங்க வையின்னு கேக்குறா!"

கல் நடுவதற்குக் கன்னி காட்டிய இடம், சீனிச்சாமி படுக்கும் பள்ளம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிரசாதம் என்று ஆளுக்கொரு பிடி வைக்கோலை உருவத் தொடங்கினார்கள். கத்தரிக்குக் கீழே மண் வெயிலைப் பார்த்தது.

சீனிச்சாமிக்கு வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கோபம் வந்தது. வைக்கோல் போனால் களை வரும், களை வந்தால் கொத்த வேண்டும். அவன் துள்ளி எழுந்து கூட்டத்துக்குக் குறுக்கே நின்றான்.

"வையிங்கடா கீழே! கன்னியும் இல்ல, கழுதையும் இல்ல. நான் ஒண்ணுமே செய்யல! களைய மறைக்கத்தான் வைக்கோலப் போட்டேன். வேணும்னா ராவுத்தரக் கேளுங்க!"

ராவுத்தர் மலையில் இருந்தார். யாரும் நம்பவில்லை. ஒன்றும் செய்யாத மனுஷனுக்கு இப்படிக் காய்க்குமென்றால், முதுகொடியக் கொத்துகிறவர்கள் எல்லாம் யார்? அந்தக் கேள்விக்கு ஆத்தங்கரைக் கன்னி எவ்வளவோ தேவலை.

நம்பியது அய்யம்மாள் ஒருத்தி. நம்பாவிட்டால் தன் பெயர் கெடும் என்பதால் நம்பினாள். வேப்பமரத்தடிக்கு விறுவிறுவென்று போனாள். மம்பட்டியைக் கையில் எடுக்கப்போனவள் நின்று, உரக்கக் கூப்பிட்டாள்.

"வேலு! வெரசா இங்க வா. எல்லாரும் வாங்க."

மம்பட்டிக் காம்புக்கும் மரத்துக்குமாகச் சேர்த்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூடு காய்ந்து, குஞ்சு பொரித்து, பறந்தும் போயிருந்தது. ஆவணியில் சாத்திய இடத்திலிருந்து அந்த மம்பட்டி ஒரு விரல்கூட அசையவில்லை.

வேலுத்தாய் கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோட்டத்துக்குள் போய், மிச்சமிருந்த வைக்கோலை ஒரு பக்கமாகத் தூக்கினாள். அவளுக்குத் தெரிந்த கோரையும் சாரணையும் வேரோடு அங்கேயே கிடந்தன. வெளுத்து, நைந்து, பாதி மண்ணாகிப் போயிருந்தன. ஒன்றில்கூட மம்பட்டி பட்ட வெட்டு இல்லை. கீழே மண் காப்பித்தூள் மாதிரி கறுத்து, புழுக்கள் புரண்டன.

"ஆத்தே! என் புருசன் ஒரு மண்ணும் செய்யல!" என்று கத்தினாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு மனைவி இதை இத்தனை பூரிப்போடு சொல்லி ஊர் அதுவரை கேட்டதில்லை.

பால்சாமி விட்டுக்கொடுக்கவில்லை. "கன்னிக்கு எதுக்கு ஒங்க மம்பட்டி? அவ சொந்த மம்பட்டி கொண்டாருவா."

"அப்ப அவ வீட்டுலயே சேவலும் இருக்கும், போயி அறுத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள் அய்யம்மாள். கூட்டம் சிரித்துக் கலைந்தது. பால்சாமி உடுக்கையை இடுப்பில் செருகி, வந்ததற்கு மடி நிறையக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி வேலுத்தாய் அய்யம்மாள் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசுனது தப்புதாக்கா." அய்யம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போட்டாள். அடுத்த வாரம் அவளும் தன் தோட்டத்தில் வைக்கோல் பரப்பினாள். ஆனால் கை சும்மா இருக்காமல், வைக்கோலை விலக்கி விலக்கிக் கொத்திக்கொண்டிருந்தாள். அழுகல் வைக்கோலுக்குப் போட்டி வந்ததைப் பார்த்து ராவுத்தர் தன் படப்புக்குக் கூரை போடுவதையே நிறுத்திவிட்டார்.

சீனிச்சாமி தோட்டத்துப் பெரிய மனுஷன் ஆனான். கேட்டு வருகிறவர்களுக்குப் படுத்தபடி யோசனை சொன்னான். இனி ஆயுசுக்கும் இப்படியே என்று நினைத்திருந்தான். அடுத்த ஆவணியில் வேலுத்தாய் இரண்டு மூட்டை கட்டினாள்.

"ரெண்டாவது யாருக்கு?"

"ஒனக்குத்தான். தோட்டம் தன்னால வெளையுதுன்னு ஊரு பூராச் சொல்ற. அப்பறம் ஒனக்கு இங்க என்ன சோலி? கெளம்பு."

அவன் மூட்டையைத் தூக்கினான். குரங்கணியில் ஒரு தரம், அதற்கு மேலே ஒவ்வொரு பாறையிலும் ஒரு தரம் உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு தரமும் எழுப்பினாள். ஏலத்தோட்டத்தில் பறிக்கிற பெண்களைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு காய்க்கிறது. எல்லோரும் குத்தவைத்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காந்தே பாக்குற சோலியா? அடிப்பாவி, இத்தன வருசமா ஏன் சொல்லல?"

சருகுமேல் வசதியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அட்டைகள் அவனைக் கண்டுபிடித்தன. வேலுத்தாய் மடியிலிருந்து அட்டையை விரட்டப் புகையிலையைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, தன் கூடையோடு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அன்று பொழுதடையும்வரை சீனிச்சாமி நின்று குனிந்துதான் பறித்தான். சாயங்காலம் அவன் கூடையை எடை போட்ட கங்காணி, புது ஆளுக்கு இது பரவாயில்லை என்றார்.