சோபியாவுக்கு இரண்டாவது ஆபரேஷன்

சோபியாவுக்கு இரண்டாவது தரம் கத்தி வைப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயப்பிரியாவின் எதிரில் அவள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் துணைக்கு வந்த செங்கேணி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டரம்மாதான் சோபியாவின் இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்தார். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தவள் எண்பத்தாறுக்கு இறங்கினாள். சர்க்கரை மாத்திரை நின்றது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த நாத்தனாரே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். அந்தச் சந்தோஷமெல்லாம் ஒரு வருஷம்தான். அப்புறம் எடை ஏறி ஏறி மறுபடி நூற்றைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் திரும்பி வந்தது. டாக்டரம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று செக்கப்புக்குக் கூப்பிட்ட போதெல்லாம் ஊரிலேயே பதுங்கிக்கொண்டாள். நல்லது செய்தவர்களிடம் போய் வெட்கப்படுகிற புத்தி இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

கடைசியில் அவளை இழுத்து வந்தது முட்டி வலிதான். செங்கேணி கூட்டிப் போகும் நடவு ஆட்களில் சோபியாவும் ஒருத்தி. இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. இந்த நடவோடு தன்னைக் கழற்றி விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். பதினாறு வயசிலிருந்து அந்தப் பெண்களோடு சேற்றில் நின்றவள், அவர்களை விட்டு எங்கே போவாள்?

"வழி இல்லாம இல்லை சோபியா," என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் பண்ணின சில பேருக்கு இப்படி எடை திரும்ப வரும். குடலை மாத்தி இணைக்கிற ஆபரேஷன் இருக்கு. நல்லா கேட்கும், ஆனா ஆயுசுக்கும் சத்து மாத்திரை விடக்கூடாது. பை பெருத்துப் போயிருந்தா மறுபடி சின்னதாக்கலாம். கத்தியே இல்லாம ஊசியும் சாப்பாட்டு மாற்றமும் வெச்சும் பார்க்கலாம். ஆனா போன வாரம் குழாய் விட்டுப் பார்த்ததுல, பை நான் வெச்ச மாதிரியே இருக்கு. அப்ப எடை எந்த வழியா வருது? அது தெரியாம மறுபடி கத்தி வைக்க எனக்கு மனசு வரலை. என்னம்மா சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமே துன்றதில்லீங்க," என்றாள் சோபியா. உண்மையைத்தான் சொன்னாள்.

செங்கேணிக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்த நான் சொல்றேம்மா. ஆப்பரேசன் முடிஞ்சி எட்டு ஒம்போது மாசம் கழிச்சி நடவுக்கு வந்தவ, மொத நாளு எங்களோட குந்தி சோறு துன்னா, ஒரே வாந்தி. நாங்க பயந்தே பூட்டோம். அன்னிலேர்ந்து கெட்டியா ஒரு வாய் குட்த்ததில்ல. மத்தியானம் வரப்புல குந்தனா ஆளுக்கொரு டம்ளர் இவளுக்குன்னு ஊத்துவோம். வெல்லம் போட்ட கூழு, பாயசம், ரோஸ்மில்க்கு, எங்காளு சிட்டம்மா வூட்டுலேர்ந்து ஆர்லிக்ஸு. இவ வயித்த காய வுட்டதே இல்ல. நடவுலயும் அப்டித்தான். ரெண்டு பக்கமும் நிக்கிறவளுங்க இவ பங்குல பாதிய நட்டுப் போட்டுக்கினே போவாளுங்க. அது இவளுக்கே தெரியாது."

சோபியா சடாரென்று நிமிர்ந்தாள். தட்டுத் தடுமாறியாவது எல்லோரோடும் சமமாகக் கரையேறுவதாக அல்லவா அவள் நினைத்திருந்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சின்னப் பை கெட்டியான சாப்பாட்டைத்தான் தடுக்கும்மா. தண்ணியா போறது நிக்காம இறங்கிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்காது. அதுவும் இவ்வளவு இனிப்போட. தண்ணி ஆகாரம் முதல் மாசத்துக்கு மட்டும்தான். இனிமே முட்டை, மீன், சுண்டல். நல்லா மென்னு, மெதுவா. சாப்பிடும்போது எதுவும் குடிக்காதீங்க. சர்க்கரைக்கு மாத்திரை தரேன், முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தரச் சொல்றேன். மூணு மாசம் பார்ப்போம். இறங்கலைன்னா குடல் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது."

திரும்பி வரும் பஸ்ஸில் காஞ்சிபுரம் தாண்டினதும் செங்கேணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாங்களே உன்ன கெட்த்துட்டமே சோபியா."

"இன்னாக்கா பேசற? பெத்த அம்மாவே எம்மாம் துன்றேன்னு தட்டப் புடுங்கிக் கீது. நீங்க ஒருத்திகூட என்னிய அப்டிப் பாத்ததில்ல. என் பங்கயும் நட்டுட்டு மூச்சு வுடல. நான் இன்னான்னா, நீங்க என்னிய கழட்டி வுட்ருவீங்கன்னு பயந்துக்கினு கீறேன்."

"கழட்டி வுடறதா? எவ சொன்னா? அவ வாயில நாத்த வெச்சி நடறேன்."

சோபியா அந்தச் சொரசொரத்த கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கர்த்தர் தனக்கு எத்தனை பேரைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். உத்திரமேரூர் வரைக்கும் அவள் கையை விடவில்லை.

அன்று சாயங்காலமே செங்கேணி வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்லிவிட்டாள். மறுநாள் மாகறலில் நடவு. மத்தியானம் வரப்பில் உட்கார்ந்ததும் ஒருத்தி கையிலும் டம்ளர் இல்லை. சிட்டம்மாள் மடியை அவிழ்த்து ஒரு அவித்த முட்டையை எடுத்து நீட்டினாள். அடுத்தவளும் ஒன்று. அதற்கடுத்தவளும். அத்தனை பேரும் ஆளுக்கொரு முட்டை கொண்டு வந்திருந்தார்கள். சோபியாவின் மடி நிறைந்துவிட்டது.

"அடிப் பாவிங்களா," என்று சிரித்தவளுக்குச் சிரிப்பிலேயே கண் கலங்கியது.

ஒன்றை உரித்துக் கடித்தாள். சொன்ன மாதிரியே மென்று மென்று விழுங்கினாள். எல்லோரும் தங்கள் சோற்றை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முட்டையில் பாதி போயிருக்கும், மேல்வயிற்றில் என்னவோ இறுகியது. கடிப்பதை நிறுத்தினாள். அது என்னவென்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று, அதை அவள் உணர்ந்து.

"போதும்க்கா," என்றாள். "ரொம்பிடுச்சி."

செங்கேணி நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். "மெய்யாவா?"

"மெய்யாத்தான்க்கா. வயிறு சொல்லுது."