மறைத்துச் சுமந்த கூடை

விடியுமுன்னே கொழும்புத்துறைக் கரைக்கு வள்ளங்கள் வந்துவிடும். நாங்கள் பதினொரு பெண்களும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நண்டுக் கூடையைத் தலையில் ஏற்றி, சேற்றில் கால் புதையப் புதைய, நண்டு நிறுக்கும் கொட்டிலான வாடிவரை நடக்க வேண்டும். உப்புத்தண்ணீர் கழுத்தால் வழிந்து சட்டைக்குள் இறங்கும். நண்டுக்கறி தின்பவர்களுக்கு இந்த நடை தெரியாது.

நாலு மாதமாக, எங்களோடு சுமக்கும் அருமைநாயகி அக்காவுக்கு மூச்சு இளைத்தது. தொய்வு, வெறும் இழுப்பு என்றுதான் நினைத்தோம். அவ களைத்தால் றஜிதாவோ நானோ, முதலாளி எமில்ராஜ் காணாமல், அவவின் கூடையை மாறிச் சுமப்போம். பெரிய உதவி செய்கிறோமென்று எங்களுக்குப் பெருமை வேறு.

போன மாதம், எமில்ராஜ் கரையில் இல்லாத நாளொன்றில், அவ தண்ணீருக்குள்ளேயே மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எக்கோ ஸ்கான் எடுத்தார். இருதய வால்வு ஒடுங்கி, இரத்தம் வெளியேற வழி போதாமல் இருக்கிறதாம். வால்வு மாற்ற வேண்டும், அதுவரை பாரம் தூக்கக்கூடாது, கிளினிக் தவறக்கூடாது என்றார்.

"மூச்சு வாங்கத் தொடங்கினவுடனை ஏனம்மா வரேல்லை?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எமில்ராஜுக்கு மறைக்கப்போய், அவவின் நோயை அவவுக்கே மறைத்துவிட்டோம்.

இன்றைக்குக் கிளினிக். அக்காவோ கிளினிக் கொப்பியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கரைக்கு வந்து நிற்கிறா. முகம் வெளிறிக் கிடந்தது.

"வராட்டி உவர் முதலாளி வேறை ஆளைப் பிடிச்சிடுவார், சுபாஜினி. இண்டைக்கு மட்டும் தூக்குறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைப் பறித்து, எல்லாரும் பார்க்க, எமில்ராஜுக்கு முன்னால் வைத்தேன்.

"அக்காவுக்கு இருதய வருத்தம். இவ்வளவு நாளும் அவவின்ரை கூடையை நாங்கள்தான் சுமந்தனாங்கள். இனி இருந்துகொண்டு நண்டு தரம்பிரிக்கிற வேலை குடுங்கோ. கிளினிக் நாளிலை போகட்டும்."

"வருத்தக்காறரை வைச்சுப் பாக்க இது மடமே? போறவ ஒரேயடியாப் போகட்டும்!"

"அப்ப நாங்களும் போறம்," றஜிதா தன் கூடையை இறக்கினாள்.

ஒவ்வொன்றாகப் பதினொரு கூடையும் இறங்கின. வெயில் ஏறினால் நண்டு பழுதாகிவிடும். எமில்ராஜ் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு வேறை ஆக்கள் வருவினம், தெரியுமோ?"

"வரட்டும். அவையோடையும் கதைப்பம்," என்றேன்.

அக்கா அழுதா. "என்னாலை உங்கடை வேலையும் போகப்போகுது."

வேலை போகவும் கூடும். ஒப்பரேசனுக்குக் கூப்பிடும் நாளும் தெரியாது. அதுவரை அந்த நெஞ்சு தாங்குமோ என்பதும் தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கிளினிக்குக்குப் பஸ் ஏறும் இடம் கால் மைல் தூரம். அவவின் நடைக்கு ஏற்றபடி பதினொரு பேரும் மெல்ல நடந்தோம்.