பெரியம்மா கொஞ்ச நாள் கோபமாக இருந்தாள்

என் பெரியம்மா கோபித்துக்கொண்டு போனது என் அப்பா அம்மா கல்யாணத்தன்று. அதற்குப் பிறகு நான் பிறந்தேன், படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், அப்பாவை அடக்கம் செய்தேன். அம்மாவுக்குத் தலை நரைத்துக் கண்ணும் மங்கிவிட்டது. பெரியம்மா இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். பெரியம்மா வீட்டு ஆட்களைக் கேட்டால், "இப்பத்தானே போனாங்க, கொஞ்ச நாள் ஆகட்டும்" என்பார்கள்.

அவர்கள் எல்ஃப்கள். அவர்களுக்கு நாற்பது வருஷம் என்பது கொஞ்ச நாள்தான்.

அம்மாவும் அந்த வீட்டுப் பெண்தான். மேட்டுத்தெருக் கோடியில் இருக்கிற வெள்ளைக்கல் மாளிகையில், கூர்க்காதும் நீளக் கழுத்துமாக, வேலை என்று ஒன்றும் செய்யாமல் இருநூறு வருஷம் இருந்தவள். கூரையில் ஓடு மாற்ற வந்த மனிதனைப் பார்த்து, அவரோடு இறங்கிப் போய்விட்டாள். அந்த ஓட்டுக்காரர்தான் என் அப்பா. எல்ஃப்களுக்கு முதுமை கிடையாது. ஆனால் அவர்களில் ஒருத்தி மனிதனைக் கட்டிக்கொண்டால், கல்யாணத்தன்றிலிருந்து அவளுக்கும் மனித வயது ஏறத் தொடங்கும். பெரிய வீடுகளில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பெண் பிள்ளைகளை மிரட்டச் சொல்லும் கதை என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாரும் அப்படி ஒருத்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அப்படிப் போனவளைத்தான் யாரும் போய்ப் பார்ப்பதே இல்லையே.

அப்பா வழியில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வக்கீலுக்குப் படித்தேன். படித்து என்ன, என்னைச் சேர்த்துக்கொண்ட சீனியர் முதல் நாளே தூக்கிக் கொடுத்தது மாடிப்படி வழக்கு. அம்மாவின் அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் இடையில், மாளிகையின் நடு மாடிப்படி யாருக்குச் சொந்தம் என்று நடக்கிற வழக்கு. வாதியும் சாகவில்லை, பிரதிவாதியும் சாகவில்லை. வக்கீல்கள்தான் செத்துக்கொண்டிருக்கிறார்கள். சீனியரின் தாத்தாவுக்குத் தாத்தா எடுத்த வழக்கு அது. வாய்தாவுக்கு வரும்போது இரண்டு கிழவர்களும், கிழவர் என்றால் பார்க்க முப்பது வயசுதான் இருக்கும், கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். நான் அவர்களில் ஒருவருக்குப் பேத்தி. அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளிடம் போய், சீக்கிரம் கோபம் தணியும் என்று எதிர்பார்த்தது எங்கள் முட்டாள்தனம்தான்.

குளிர் ஆரம்பித்தபோது வைத்தியர் வந்து அம்மாவின் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். குளிர் முடிவதைப் பார்த்துவிடுவார்கள், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். உள்ளே வந்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி, "அக்கா ஒரு தடவை வந்தா போதும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாளே மாளிகைக்குப் போனேன். வாசல் அதிகாரி என்று ஒருவர், பச்சைச் சட்டையும் கைத்தடியுமாக, என்னைப் படிக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பெரியம்மாவின் கோபம் தீர்ந்து வருஷக்கணக்காகிறதாம். மரம்கூட நட்டாகிவிட்டதாம்.

அவர்களில் அப்படி ஒரு முறை உண்டு. கோபம் தீர்ந்தவர் தன் கையால் ஒரு மரம் நட்டு, அதில் காய்க்கிற முதல் பழத்தை எடுத்துக்கொண்டுதான் போய்ப் பேச வேண்டும். வெறுங்கையோடு போனால், கோபம் இன்னும் இருக்கிறது, சண்டை போட வந்திருக்கிறேன் என்று அர்த்தம். பெரியம்மா பேரி மரம் நட்டிருக்கிறாள். குளிர் ஊரில் அது காய்க்கிறதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்குக் கவலை?

"அவங்க தங்கச்சி சாகக் கெடக்குறாங்க. வயசாயிடுச்சு. பல்லு விழுந்து, தலை நரைச்சு, எந்திரிக்க முடியாம கெடக்குறாங்க. இதை அப்படியே போய்ச் சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் சுளித்தார். அந்த மாதிரிப் பேச்சை மாடிக்கு எடுத்துப் போவது தன் வேலை இல்லை என்றார். வேண்டுமானால் உடம்பு அசதியாக இருக்கிறது என்று சொல்வதாக ஒப்புக்கொண்டார். அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டுமென்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மரத்தைப் பற்றிச் சொன்னேன். நான் ஆத்திரத்தோடுதான் சொன்னேன். அவளோ குழந்தை மாதிரி சிரித்தாள். "பேரியா? எனக்குப் பிடிக்கும்னுதான் நட்டிருப்பா" என்றாள்.

ஒரு வாரம் போயிருக்கும், ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பெரியம்மா. நான் அவளைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. அம்மாவின் இளவயதுப் படம் ஒன்று பட்டு அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தாள். எங்கள் தெருவில் அந்த அங்கியோடு நடந்து வந்ததில் கரையெல்லாம் சேறு. கையில் ஒரு கூடை. அதில் நாலைந்து பேரிக்காய், கல்லு மாதிரி, பச்சையாக.

"பழுக்கல. அசதின்னு சொன்னாங்க, அதான் காயாவே பறிச்சிட்டேன். தப்பா எடுத்துக்குவாளோ?" என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் வழக்கத்தில் அது எவ்வளவு பெரிய அவசரம் என்று எனக்குத் தெரியும். திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளே வாங்க பெரியம்மா என்றேன்.

எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. ஜன்னலோரக் கட்டிலில் அம்மா தலையணையில் சாய்ந்து, மடியில் பட்டாணித் தட்டை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்க முடியாது, ஆனாலும் கை சும்மா இருக்கக் கூடாது அவளுக்கு. பெரியம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அம்மாவையும் பார்த்தாள். பிறகு மரியாதையாகத் தலை குனிந்து, "வணக்கம்மா. நான் உங்க மருமகளோட அக்கா. அவ வெளிய போயிருக்காளா?" என்றாள்.

இதுதான் உங்கள் தங்கை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அம்மா தட்டிலிருந்து கையை மட்டும் தூக்கி என்னைத் தடுத்தாள்.

"ஆமா. வந்துடுவா. உக்காரும்மா" என்றாள் தன் அக்காவிடம்.

என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். போனேன். சமையல்கட்டில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அடிக்கவா அழவா என்று தெரியாமல். கோர்ட்டில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். இந்தப் பொய்யை மட்டும் உடைக்கத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அக்கா தன்னை இப்படிப் பார்க்காமலே போய்விடலாம் என்கிற நிம்மதி.

திரும்பி வந்தபோது பெரியம்மா பேசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு மாமியார்க் கிழவியிடம் பேசுவது சுலபம் போலிருக்கிறது. தங்கை போன பிறகு அந்த மாளிகையில் தனக்குப் பேச ஆள் இல்லை என்றாள். அப்பாவும் சித்தப்பாவும் மாடிப்படியில் கோடு கிழித்து ஆளுக்குப் பாதியாக ஏறி இறங்குகிறார்கள், நடுவில் நான் எந்தப் பக்கம் காலை வைப்பது என்றாள். அம்மா தலையைக் குனிந்தபடி பட்டாணியை உருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு பேச்சு கல்யாண நாளுக்கு வந்தது.

அன்றைக்கு நல்ல மழை. பெரியம்மா உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகியது. ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவன் வீட்டிலேயே ஒழுகுகிறதே என்று அப்பாவுக்கு அவமானம். ஓடிப் போய், கொஞ்சம் எழுந்திருங்கம்மா, நாற்காலியை நகர்த்துகிறேன் என்றிருக்கிறார். பிரபு வீட்டுப் பெண்ணைச் சபையில் எழுந்திரு என்று சொல்வது அவர்களுக்குள், நீ இந்தக் குடும்பம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். அப்பாவுக்கு அது எங்கே தெரியும்?

"அவரை நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்மா, உங்க பிள்ளை வெள்ளந்தி" என்றாள் பெரியம்மா. "இவதான். எல்லாம் தெரிஞ்சவ. அத்தனை பேர் நடுவுல என்னைப் பாத்துக் கைதட்டிச் சிரிச்சா."

"கைதட்டல" என்றாள் அம்மா.

பெரியம்மா நிறுத்தினாள்.

"பொய் சொல்லாத அக்கா. நான் எங்க கைதட்டினேன்? வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சேன். உன் மூக்கு நுனியில ஒரு சொட்டு தொங்கிட்டு நின்னுச்சு, நீ ராணி மாதிரி மொகத்தை வச்சிருந்தே. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க."

தட்டு சரிந்து பட்டாணி கட்டிலெல்லாம் உருண்டது. பெரியம்மா எழுந்து கட்டில் பக்கத்தில் வந்தாள். அம்மாவின் தலைமுடியை ஒதுக்கினாள். காது மட்டும் அப்படியேதான் இருந்தது, கூர்மையாக. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "இது எப்ப சரியாகும்?"

"சரியாகாது பெரியம்மா."

"அடுத்த வசந்தத்துக்குள்ள?"

அம்மாதான் சொன்னாள். "இது வியாதி இல்ல அக்கா. வயசு."

பிறகு எனக்குப் பயம் வந்தது, ஏனென்றால் அவள் முதுகு நிமிர்ந்தது, தாடை இறுகியது. கோர்ட்டு வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா நான் பார்க்கிற முகம் அது. தனக்குச் சொல்லியனுப்பவில்லை என்றாள். எவளோ கிழவி என்று நடித்துத் தன்னை முட்டாளாக்கிவிட்டதாகச் சொன்னாள். ரெண்டாவது தடவை என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள்.

அம்மா கூப்பிடவில்லை. அவளும் அந்த வீட்டுப் பெண்தானே, வீம்புக்குக் குறைச்சலா என்ன.

நான் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "தாராளமா போங்க" என்றேன். "கோபம் தீந்ததும் இன்னொரு மரம் நடுங்க. அது காய்க்கும்போது இந்தக் கட்டில் காலியா இருக்கும். என்னையும் தேடாதீங்க, நானும் இருக்க மாட்டேன். என் பிள்ளை யாராவது இருந்தா, அதுகிட்ட வந்து மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

பெரியம்மாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"எனக்குச் சீக்கிரம் தீரமாட்டேங்குதே" என்றாள். வீம்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது. "நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"தீராமலே உக்காந்துக்குவோம். சண்டை போட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்துக்குவோம்" என்றேன்.

அவள் திரும்பிப் போய்க் கட்டில் ஓரத்தில், பட்டாணி மேலேயே உட்கார்ந்தாள். அம்மா, "எந்திரி, நசுங்குது" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. "மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. தரையில் படுத்தாள். கஞ்சி காய்ச்சத் தெரியாமல் இரண்டு பானையைத் தீய்த்தாள். நாள் முழுக்க இரண்டு பேருக்கும் சண்டைதான். கல்யாணத்தில் ஆரம்பித்து, சின்ன வயதில் யார் சீப்பை யார் உடைத்தது என்பது வரைக்கும் போகும். பெரியம்மாவுக்குச் சொல்ல நாற்பது வருஷப் பேச்சு இருந்தது. அம்மாவுக்குத்தான் மூச்சு இல்லை. பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். பெரியம்மா தன் பதிலை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அம்மா கண் விழித்ததும், விட்ட இடத்திலிருந்து பதில் வரும். காத்திருப்பது ஒன்றுதான் அவர்களுக்கு நன்றாக வரும். அதையே இவ்வளவு காலம் செய்து தொலைத்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நான் பள்ளிக்கூடம் போன வயதில், அப்பா கூரையேறிக்கொண்டிருந்த நாட்களில், அம்மா ஓடியாடித் திரிந்தபோது, மேட்டுத்தெருவிலிருந்து இந்த வீட்டுக்கு நடந்தே வந்திருக்கலாம். அவ்வளவு தூரம்கூட இல்லை.

குளிர் முடிகிற சமயத்தில், ஒரு காலை நேரம், அம்மா சொன்னாள்: "நீ அன்னைக்கு மழையில போனப்ப, தெருமுனை வரைக்கும் உன் பின்னாலயே வந்தேன் அக்கா. நீ திரும்பியே பாக்கல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். பெரியம்மா வழக்கம்போல் காத்திருந்தாள். நான் கோர்ட்டுக்குக் கிளம்பும்போதும் காத்திருந்தாள். மத்தியானம் ஆள் வந்து கூப்பிட்டு நான் ஓடி வந்தபோதும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு என்ன பதில் சொல்ல இருந்தாள் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "உனக்கில்ல அது" என்றாள். அவளுக்கு இன்னும் ஆயிரம் வருஷமாவது இருக்கிறது. அத்தனை காலமும் அந்தப் பதில் அவள் வாயில்தான் இருக்கும்.