முத்திரை இல்லாத கண்ணாடி

விருந்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ஜோங்னோ வட்டாரத்தின் கடிகாரச் சந்தில் கடைசிக் கடை முன்னால் நின்றிருந்தாள் சோராங். கைப்பைக்குள் மாமனாரின் கல்யாணக் கடிகாரம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டது. விசேஷ நாளில் மட்டும்தான் கட்டுவார். நாளை அவருக்கு எழுபது. இன்னும் டாக்ஸி ஓட்டுகிறார்.

துடைத்து வைக்கலாம் என்று அவள்தான் எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் எதையும் ஸ்பிரிட்டால் துடைத்துப் பழகிய கை. பழைய கடிகாரங்களின் கண்ணாடி வெறும் பிளாஸ்டிக், ஸ்பிரிட் பட்டால் விரிசல் விடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். துடைத்து, அது விரிசல் விட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைக்கார அக்கா கடிகாரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, சோஜு சாராயத்துல குளிப்பாட்டினியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா. இதே மாதிரி கண்ணாடி கிடைக்குமா?"

"அளவு கிடைக்கும். நடுவுல கடுகைவிடச் சின்னதா கம்பெனி முத்திரை இருக்கு பாரு, அது கிடைக்காது."

"வேற எங்கயாவது?"

"சந்து முழுக்க அலைஞ்சுட்டுத்தான் இங்க வந்திருக்க, மூஞ்சியே சொல்லுது. இத்துனூண்டை யாருடி பார்க்கப் போறா?"

மாமா பார்ப்பார். ஒவ்வொரு விருந்திலும் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் வைத்து அந்த முத்திரையைத் தேடிப் பிடிப்பார். "அசல்! என் மாமியார் வீட்டு அசல்!" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள்.

வேறு வழியில்லை. கடைக்கார அக்கா புதுக் கண்ணாடியை இடுக்கியின் பற்களால் சுற்றிப் பிடித்து இறுக்கிக் கடிகாரத்தில் பொருத்தினாள். விரிசல் போயிருந்தது. முத்திரையும்.

மறுநாள் விருந்தில் சோராங் பிறந்தநாள் கடற்பாசி சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"டாக்ஸியை மறுபடி எங்கேப்பா உரசினீங்க? வலது பக்கம் பூரா கீறல்," என்றான் அவள் கணவன்.

"சந்து அப்படிடா. நீ ஓட்டிப் பாரு, தெரியும்," என்றபடி மாமா பூதக்கண்ணாடியை எடுத்தார். கடிகாரத்தை வலது கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். சோராங் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு! பளிச்னு இருக்கு. அசல்!"

கை தட்டினார்கள். தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டிருக்கலாம். முடியவில்லை. இல்லாததை இவர் எப்படிப் பார்த்தார்?

அவள் தட்டுகளோடு சமையலறையில் இருந்தபோது தண்ணீர் குடிக்க அவர் வந்தார். இடுப்பில் டாக்ஸிச் சாவி தொங்கியது.

"மாமா, அதுல முத்திரையே இல்ல. பழைய கண்ணாடியை நான் பாழாக்கிட்டேன். நேத்துதான் மாத்தினேன்."

அவர் திட்டவில்லை. கட்டைவிரலால் கடிகாரக் கண்ணாடியைத் தடவினார். கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்த மகனை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாதேம்மா," என்றார் மெல்ல. "ரெண்டு மாசமா எனக்கு வலது கண்ணு தெரியல."