வலது பக்கத்துச் சிரிப்பு

"பல்லைக் கடியுங்கோ கலா. இறுக்கிக் கடியுங்கோ," என்றாள் மக்டலீன்.

உதயகலா கடித்தாள். முன்னால் இருந்த கண்ணாடியில் முகத்தின் இடது பக்கம் மட்டும் இறுகியது. வலது பக்கம் அசையவில்லை. காதுக்கு முன்னால் தொடங்கும் தழும்பு தாடைவரை இறங்கியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கன்னமும் உதட்டு முனையும் நனைந்த துணிபோலக் கீழே தொங்கின.

"ஒண்டும் நடக்கேல்லை மிஸ்."

"பயந்து பயந்து கடிக்கிறியள். தையல் எல்லாம் ஆறிட்டுது, ஒண்டும் பிய்யாது. ஆரிலையாவது கோவம் இருந்தால் அவரை நினைச்சுக் கடியுங்கோ."

மக்டலீன் தசைப்பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர். விளையாட்டாகத்தான் சொன்னாள். உதயகலாவுக்கு ஆளைத் தேடவேண்டியிருக்கவில்லை. கணவனின் தம்பி டிலக்ஷனின் முகம் தானாக வந்தது. கடித்தாள். கடைவாய்ப் பற்கள் நெரிந்தன. கண்ணாடியில் வலது உதட்டு முனை ஒருமுறை துடித்து, மெல்ல மேலே ஏறி, அங்கேயே நின்றது.

மக்டலீன் கைதட்டினாள். "பாருங்கோ! சிரிக்கிறியள்! ஆரை நினைச்சனீங்கள்?"

"என்ரை மனுசன்ரை தம்பியை."

மக்டலீன் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். உதயகலா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வலது பக்கம் அசைந்திருக்கிறது. அதுவும் அவனால்.

ஒன்றரை வருடத்துக்கு முன் டிலக்ஷன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சிநேகிதன் ஒருவனுடைய பிறந்தநாள் விருந்து. திரும்பி வரும்போது தானே கார் ஓடுவேன் என்று அடம்பிடித்தான். குடித்திருந்தான். "தம்பி, விடு, நான் ஓடுறன்," என்று உதயகலாவின் கணவன் கேதீஸ் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. பலாலி வீதியில் கார் ஒரு மதிலோடு போய் மோதியது. முன் இருக்கையில் இருந்தவள் உதயகலா. கண்ணாடித் துண்டு ஒன்று அவளுடைய காதுக்கு முன்னால் இறங்கியது.

முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குக் கீழே வெளியில் வந்து, கன்னத்துக்குள் விரல்களைப்போலப் பிரிகிறது. கண்ணாடி அந்தப் பிரிவிலேயே வெட்டியிருந்தது. தைத்தார்கள். பிடிக்கவில்லை. தசைகளுக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் "இழு" என்று சொல்ல ஒருவரும் இல்லாததால் அவை மாதக்கணக்கில் சும்மா கிடந்து சூம்பிப்போயின. வலது கண்ணை மூட முடியாது, படுக்கும்போது பிளாஸ்டர் ஒட்டவேண்டும். பிளேன்ரீ குடித்தால் கடைவாயால் வழியும். மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றதால் வேலை தப்பியது. சில கிழமைகளுக்கு முன்தான் வலது பக்கத்துக்கு இன்னொரு சத்திரசிகிச்சை செய்து, மக்டலீனிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவும் அவள் பொறுத்திருப்பாள். விபத்து நடந்த அன்றே ஆசுபத்திரி வாசலில் வைத்து மாமி நல்லம்மாவும் இரண்டு மகன்மாரும் எடுத்த முடிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பொலிசிடம் கேதீஸ் சொன்னான், கார் ஓடினது நான்தான், குறுக்கே மாடு வந்தது என்று. டிலக்ஷனுக்கு வழக்கு விழுந்தால் கனடாவில் அவனுடைய குடியுரிமை அலுவல் குழம்பும் என்று தாய் அழுதாளாம். உதயகலா முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தாள். அவளால் வாய் திறக்க முடிந்தபோது வாக்குமூலம் பதிவாகிவிட்டது, டிலக்ஷன் விமானம் ஏறிவிட்டான். நீதிமன்றம் கேதீசின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்தது. ஊர், மனைவியின் முகத்தைக் கெடுத்தவன் என்று அவனைப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குப் போய் வந்தான்.

"அவன் சின்னப்பெடியன். விடும்," என்றான் கேட்கும்போதெல்லாம்.

இருபத்தொன்பது வயது. அந்தச் சின்னப்பெடியன் ஒரு நாளாவது அவளைத் தொலைபேசியில் எடுத்து, எப்படி இருக்கிறியள் என்று கேட்கவில்லை.

இப்போது அவனுக்குக் கலியாணம். பெண் பண்டத்தரிப்பு, பெயர் பிரசாந்தி. இங்கே உரும்பிராயில் மாப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள், முற்றத்தில் பந்தல் போட்டார்கள். டிலக்ஷன் வந்து இறங்கினான், எல்லோருக்கும் சாமான் கொண்டுவந்தான். உதயகலாவின் கையில் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தான்.

"அண்ணி, சாறிக்குப் பொருத்தமாத் தேடி எடுத்தது."

திறந்தாள். பட்டுத்துணியில் தைத்த மூன்று மாஸ்க். ஒன்றில் சரிகைக் கரைகூட இருந்தது.

அடுத்த நாள் நல்லம்மா குசினிக்குள் வந்தாள். "பிள்ளை, ஒண்டு சொல்லுறன், குறை நினையாதை. பொம்பிளை மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வேறை ஆக்களைச் சொல்லியிருக்கு. நீ மணவறைப் பக்கம் வராமல் பின்னுக்குச் சாப்பாட்டு அலுவலைப் பார். வீடியோ எடுக்கிறாங்கள். கனடாச் சனமெல்லாம் பார்க்கும்."

மூத்த மருமகள் அவள். அந்த வீட்டில் ஆலாத்தி எடுக்க அவளை விட உரிமையுள்ளவர் ஒருவரும் இல்லை. மாமியோடு எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாதவள், பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நல்லம்மாவின் முகம் மலர்ந்தது. "சிரிச்சிட்டாய். நான் பயந்தனான், நீ கோவிப்பாய் எண்டு. தங்கமான பிள்ளை."

மாமி போய்விட்டாள். உதயகலா வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உதட்டு முனை மேலே ஏறி நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை.

மறுநாள் மக்டலீனிடம் போனபோது கதவைச் சாத்துவதற்கு முன்பே கத்தினாள். "என்ன மிஸ் செய்து வைச்சிருக்கிறியள்? எனக்குக் கோவம் வந்தால் சிரிக்கிறன்!"

மக்டலீன் இருக்கச் சொன்னாள். "நெத்திப்பொட்டிலை விரலை வைச்சுக் கடிச்சுப் பாருங்கோ. உள்ளுக்குத் திரளுதெல்லோ? அது சப்புற தசை. அதுக்கு வேறை நரம்பு, அது வெட்டுப்படேல்லை. அதாலைதான் டொக்டர் அதைத் தெரிஞ்செடுத்தவர். அது முந்தித் தாடையெலும்பிலை பிடிச்சுக்கொண்டு இருந்தது. அந்த நுனியைக் கழட்டி உதட்டு முனையிலை தைச்சிருக்கு."

"அது தெரியும்."

"தசைக்குத் தெரிஞ்ச வேலை ஒண்டுதான் கலா, சுருங்கிறது. தள்ளத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும். எதிலை கட்டியிருக்கோ அதை இழுக்கும். எலும்பிலை கட்டினால் எலும்பு வரும். தோலிலை கட்டினால் தோல் வரும். எங்கடை முகத்துத் தசையள் தோலிலை பிடிச்சிருக்கிறதாலைதான் நாங்கள் சிரிக்கிறம், முறைக்கிறம். உங்கடை அந்தத் தசைக்கு இடம் மாறினது இன்னும் தெரியாது. சப்புறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கு. நீங்கள் கோவத்திலை பல்லைக் கடிச்சால் அது தன்ரை வேலையைச் செய்யுது."

"அப்ப நான் எப்பிடிக் கோவிக்கிறது?"

மக்டலீன் கொஞ்சம் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் எப்படிச் சிரிப்பது என்றுதான் கேட்பார்கள். "கனநாள் பழகினால் மூளை பிரிச்சு அறியும். அதுவரைக்கும்... பல்லைக் கடியாதேங்கோ. வாயைத் திறவுங்கோ. தாடை கீழை போனால் அந்தத் தசை தளர்ந்துபோம்."

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, பிரசாந்தி சட்டைத் துணி வாங்கிப்போக ஸ்கூட்டியில் வந்தாள். நல்லம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். உதயகலா மாஸ்க் போடாமல்தான் முற்றத்துக்கு வந்தாள். பிரசாந்தி கண்ணை விலக்கவில்லை, நேராகப் பார்த்தாள். அது உதயகலாவுக்குப் பிடித்தது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பிரசாந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கேக்கிறன் எண்டு கோவியாதேங்கோ. அண்ணை இப்ப குடிக்கிறதை விட்டிட்டாரோ?"

"எந்த அண்ணை?"

"கேதீஸ் அண்ணை. அண்டைக்கு வெறியிலை கார் ஓடினவராம். டிலக்ஷன் எல்லாம் சொன்னவர். தான் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் கார்த் திறப்பைப் பறிச்சவராம். நீங்கள் அதுக்குப் பிறகும் அவரோடை இருக்கிறதைப் பெரிய விஷயமாச் சொன்னவர்."

கேதீஸ் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை.

உதயகலா கோப்பையைக் கீழே வைத்தாள். பொலிசுக்குக் கேதீஸ் சொன்ன பொய் தாயின் கண்ணீருக்காகச் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பொய்யைச் சொல்லும்படி டிலக்ஷனிடம் ஒருவரும் கேட்கவில்லை. தன்னை நல்லவனாகக் காட்ட, தன்னைக் காப்பாற்றிய தமையனை இவன் குடிகாரனாக்கியிருக்கிறான். பற்கள் நெரியப் பார்த்தன. அவள் விடவில்லை. வாயைத் திறந்தாள்.

"கேள் தங்கச்சி," என்று தொடங்கி, பிறந்தநாள் வீட்டிலிருந்து ஆசுபத்திரி வாசல்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடிய, கலியாண மண்டபத்துக்குப் போயிருந்த டிலக்ஷனும் கேதீசும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பிரசாந்தி எழுந்தாள்.

"டிலக்ஷன், அண்டைக்குக் கார் ஓடினது ஆர்?"

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு உதயகலாவைப் பார்த்தான். உதயகலா தன்னை மறந்து பல்லை இறுக்கியிருந்தாள். அவன் கையை நீட்டிச் சிரித்தான்.

"ஐயோ, அண்ணி பகிடி விடுறா. பார், அவவே சிரிக்கிறா!"

"நான் சிரிக்கேல்லையடா!"

அந்தச் சத்தத்துக்கு மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. அவள் அவனுக்கு நேரே போய் நின்றாள்.

"இது சிரிப்பில்லை. நீ அறுத்த முகத்தைப் பிடிச்சுத் தைச்சு வைச்சிருக்கு. எனக்குச் சிரிப்பு வரேல்லை. உன்னைப் பாக்க எனக்குச் சிரிப்பு வராது. ஒண்டரை வருசம் நான் சாப்பிட்டது கடைவாயாலை வழிஞ்சது, நீ ஒரு போன் எடுக்கேல்லை. இப்ப எனக்கு மாஸ்க் கொண்டந்து தாறாய். பட்டு மாஸ்க்! உன்ரை அண்ணை உனக்காகப் பொய் சொன்னார், நீ அவரைக் குடிகாரன் எண்டு வித்துப் பொம்பிளை எடுக்கிறாய்."

"அண்ணி, மெல்லக் கதையுங்கோ, அயலட்டை..."

"கேக்கட்டும்."

அவள் கேதீசின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோ. உங்களைப் பற்றி இவன் என்ன சொல்லியிருக்கிறான் எண்டு கேட்டியளோ? ஆர் ஓடினது?"

கேதீஸ் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

"அவையெல்லாம் பழைய கதை, அண்ணை," என்றான் டிலக்ஷன்.

"நான் குடிச்சனானோ?" என்று கேட்டான் கேதீஸ். சத்தமில்லாமல்தான் கேட்டான். "சொல்லு. நான் குடிச்சனானோ?"

டிலக்ஷன் படலைப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பிள்ளை," என்றான் கேதீஸ் பிரசாந்தியிடம், "இவன்தான் ஓடினவன். வெறியிலை ஓடினவன். நான் பொய் சொன்னனான்."

பிரசாந்தி சட்டைத் துணியை எடுக்காமலே ஸ்கூட்டியைத் திருப்பினாள். படலையில் நின்று டிலக்ஷனிடம் சொன்னாள்: "கார் அடிச்சதை அப்பா மன்னிப்பார். நீங்கள் வந்து அவருக்கு முன்னாலை இதைச் சொல்லுங்கோ. சொன்னால் மிச்சத்தைக் கதைப்பம்."

அவன் போகவில்லை. தாய் கெஞ்சினாள், போகவில்லை. கலியாணம் நின்றது. பயணத் திகதியை மாற்றி டிலக்ஷன் விமானம் ஏறிப் போய்விட்டான். நல்லம்மா பந்தலுக்குக் கீழே இருந்து, "என்ரை குடும்பத்தைக் குலைச்சுப்போட்டாய், நாசமாப் போவாய்," என்று உதயகலாவைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள். பிறகு அவளோடு பேச்சை நிறுத்தினாள். மாஸ்க் பெட்டியை உதயகலா குப்பைக் கிடங்கில் போட்டுக் கொளுத்தினாள். பட்டு கருகும்போது மயிர் எரிகிற மணம் வந்தது.

அடுத்த கிழமை கேதீஸ் அவளோடு பொலிசுக்குப் போனான். அவள்தான் போவோம் என்றாள். அவன் மறுக்கவில்லை.

"பொய் வாக்குமூலம் தந்ததுக்கு உங்களிலைதான் வழக்கு வரும். தெரியும்தானே?" என்றார் பதிவு செய்தவர். "ஓடின ஆள் நாட்டிலை இல்லை. இப்ப ஏன் வந்து சொல்லுறியள்?"

"எழுதுங்கோ," என்றான் கேதீஸ்.

அவர் உதயகலாவைப் பார்த்தார். அவளும் சொன்னாள். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது மூடாத கண், எப்போதும் வழிவதுதான். அவர் துடைக்க ரிஷுத் தாள் எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

கேதீசுக்கு அனுமதிப்பத்திரம் இல்லாததால் மோட்டார் சைக்கிளை அவளே ஓடினாள். அவன் பின்னால் இருந்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டங்களில் செம்மண் ஈரமாகக் கிடந்தது.

"இப்ப கோவம் போட்டுதோ?" என்று அவன் கேட்டான்.

"இல்லை."

கொஞ்சத் தூரம் போனார்கள்.

"என்னிலையும் இருக்கோ?"

"ஓம். உங்களிலைதான் கனக்க. அவன் ஆரோ ஒருத்தன். நீங்கள் ஆசுபத்திரியிலை என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு அந்தப் பொய்யைப் பொலிசுக்குச் சொன்னனீங்கள்."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது. பஸ் போய் முடியும்வரை காத்திருந்து, உதயகலா வேகத்தைக் குறைத்து, ஆசுபத்திரியில் கிடந்த முதல்நாளிலிருந்து தன் கோபத்தைச் சொல்லத் தொடங்கினாள். காற்றில் கேட்காததால் உரத்துச் சொன்னாள். அவன் அவளுடைய தோளருகே தலையைக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டு இருந்தான்.